கடலின் உப்புக்கண்டம்

சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் எண்ணூரைத் தாண்டியதும் வருகிற அத்திப்பட்டை, அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் கொண்டும், 2001ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய துறைமுகத்திலிருந்து இராப்பகலாய் வந்துகொண்டிருக்கும் நிலக்கரியைக் கொண்டும் அடையாளம் காண்கிற இந்தத் தலைமுறையினரில் பலருக்கு, அவ்வூரும் அதன் அண்டையிலுள்ள வல்லூரும் ஒரு காலத்தில் சென்னை ராஜதானியின் உப்பளங்களாக விளங்கின என்பதும், அங்கே பாத்திகளில் வாரிய உப்பு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகேறிப் பட்டணம் சேர்ந்தது என்பதும் தெரிந்திருக்க நியாயமில்லை. கிழக்கே கடல், தெற்கே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி, சில மணி நேரத்தில் மீன் வந்து சேரக்கூடிய தொலைவில் காசிமேட்டுத் துறைமுகம் என்று அமைந்த இவ்வூரில், மாமிசத்தையும் மீனையும் கெடாமல் காக்க மனிதன் கண்டறிந்த உபாயங்கள் பலவற்றுக்கும் மூலப்பொருள்களான உப்பும் வெயிலும் காற்றும் என்றுமே குறைவாக இருந்ததில்லை. ஐரோப்பாவின் மலைச்சரிவுகளில் உப்பும் காற்றும் பன்றித் தொடையை ஹாமாகவும், வயிற்றுப் பகுதியை பேக்கனாகவும், கொத்திய இறைச்சியை சாசேஜாகவும் மாற்றின. அவற்றைப் போன்ற பண்டங்களை மீனைக் கொண்டு செய்து விற்கும் சிறு தொழில் ஒன்றை அத்திப்பட்டில் தொடங்க முடியுமா என்ற கேள்விக்கு, வர்த்தகர் சொல்லும் விடைக்கு முன்னதாக ரசாயனம் சொல்லும் விடையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டுக்கும் மாமிசத்தை உப்பிட்டுக் காப்பது புதிதன்று. ஆட்டிறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பிசறி, நூலில் கோத்து வெயிலில் தொங்கவிட்டு உலர்த்துகிற உப்புக்கண்டத்தை அறியாத கிராமம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. மழைக்காலத்தில் அதை எண்ணெயில் பொரித்துச் சோற்றுக்குத் துணையாகக் கொண்ட குடும்பங்களின் அனுபவ ஞானத்தில், பாக்டீரியா என்ற சொல்லே பிறவாத காலத்திலிருந்து, ஒரு முழு விஞ்ஞானம் அடங்கியிருந்தது. இறைச்சியாயினும் மீனாயினும் அதன் எடையில் முக்கால் பங்கு நீரே. அந்த நீரில்தான் நுண்ணுயிர்கள் பிறந்து பெருகுகின்றன. ஆகவே நீரை அகற்றுவதோ, அகற்ற முடியாத நீரை நுண்ணுயிர்களுக்குப் பயன்படாதபடி கட்டிப்போடுவதோ ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். வெயில் முதற் காரியத்தைச் செய்கிறது. உப்போ இரண்டையும் செய்கிறது. தசையின் மேல் தூவிய உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அந்த நீரிலேயே கரைந்து தானும் உள்ளே புகுகிறது. புகுந்த இடத்தில் எஞ்சியிருக்கும் நீரின் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றித் திரட்டிக்கொண்டுவிடுகிறது.

இவ்வாறு கட்டுப்படாமல் எஞ்சி நிற்கும் நீரின் அளவை விஞ்ஞானிகள் நீர்ச் செயல்பாடு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. புதிய மீனுக்கு 0.99. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91க்குக் கீழே வளர மாட்டா. நச்சுண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி 0.86 வரை தாக்குப்பிடிக்கும். உப்பு இனிக் கரையாது என்னுமளவுக்குக் கரைந்த நீரின் எண் 0.75. நன்றாக உப்பேறிக் காய்ந்த கருவாடு ஏறக்குறைய இந்தக் கடைசி எல்லையில் நிற்பதால்தான் மாதக்கணக்கில் கூடையில் கிடந்தும் அது அழுகுவதில்லை. ஐரோப்பிய ஹாம் இதற்குச் சற்று மேலே, 0.9க்கு அருகில் நிற்கிறது. கருவாட்டுக்கும் ஹாமுக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இந்தச் சிறிய இடைவெளியில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஏனெனில் அந்த இடைவெளியில் கிருமிகளில் பெரும்பாலானவை செயலிழந்து கிடக்க, தசையின் சொந்த நொதிகள் மட்டும் உயிர்ப்புடன் இருந்து, புரதங்களை மெல்ல மெல்ல அமினோ அமிலங்களாக அறுத்து, உப்பின் கரிப்பை மீறிய ஆழ்ந்த ருசி ஒன்றைப் படைக்கின்றன. கருவாடு நீரை விரட்டிவிட்டு ஓய்கிறது. ஹாம் நீரை அளந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

பன்றித் தொடையில் இந்தக் காத்திருப்பு ஓராண்டுக்கும் மேல் நீளும். மீனின் தசைநார்கள் குட்டையானவை. அவற்றைப் பிணைக்கும் கொலாஜன் மென்மையானது. அதன் நொதிகளோ குளிர்ந்த நீரிலும் வேலை செய்யப் பழகியவை. ஆதலால் அதே மாற்றம் மீனில் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. சிறு முதலுடன் தொழில் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: ஹாம் செய்பவரின் பணம் ஓராண்டு கூரையில் தொங்கிக்கொண்டிருக்க, மீன் செய்பவரின் பணம் ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது.

மீனில் ஹாம் போன்ற பண்டம் செய்ய முடியுமா என்று ஐயுறுவோருக்கு நம் கடற்பரப்பே விடையளித்திருக்கிறது. மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் சூரை மீனைத் தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் பிளந்து, உப்பு நீரில் வேகவைத்து, முள் எடுத்து, புகையில் வாட்டி, பிறகு நாள்கணக்கில் வெயிலில் உலர்த்தி, மரக்கட்டை போல் இறுகிய மாசியாகச் செய்யும் வழக்கம் மிகத் தொன்மையானது. 1343ஆம் ஆண்டையொட்டி மாலத்தீவில் தங்கியிருந்த யாத்திரிகரான இப்னு பதூதா, மீனை வேகவைத்துப் புகையூட்டி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவதைக் குறித்து வைத்திருக்கிறார். தூத்துக்குடியிலும் மாசி செய்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சம்பலும் கொழும்புச் சமையலும் மாசியின்றி நடவா. சமைத்து, புகைத்து, உலர்த்தி, மெல்லியதாகச் சீவியோ இடித்தோ சிறிதளவே பயன்படுத்தி, அந்தச் சிறிதளவாலேயே ஒரு பானைக் குழம்பின் ருசியை மாற்றிவிடும் பண்டம் என்ற வகையில், ஐரோப்பியர் சமையலில் ஹாம் வகிக்கும் ஸ்தானத்தை நம் கடற்கரைச் சமையலில் மாசி வகிக்கிறது.

அந்த ருசிக்குக் காரணமான பதார்த்தங்களில் ஒன்று இறைச்சிக்கும் மீனுக்கும் பொதுவானது. ஜெர்மானிய ரசாயன மேதை லீபிக் 1847இல் மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த இனோசினிக் அமிலத்தைத்தான், ஜப்பானியரான கோதாமா 1913இல் அந்நாட்டு மாசியாகிய கத்சுவோபுஷியின் சுவைக்கு மூலமென்று கண்டறிந்தார். உயிருள்ள தசையில் சக்தியைச் சுமந்து திரியும் ஏடிபி என்னும் மூலக்கூறு, உயிர் நீங்கியபின் படிப்படியாகச் சிதைந்து வருகையில், நடுவழியில் இந்த இனோசினேட்டாகச் சிறிது காலம் தங்குகிறது. அந்தத் தறுவாயில் மீனைப் பதப்படுத்தினால் ருசி நிலைபெறுகிறது. தாமதித்தால் மேலும் சிதைந்து கசப்பான ஹைப்போஸாந்தினாக முடிகிறது. காசிமேட்டில் ஏலம் எடுக்கிற பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தும் கண்ணை அழுத்திப் பார்த்தும் மீனின் வயதை நிர்ணயிக்கையில், இந்த மூலக்கூறு எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் அனுமானிக்கிறார்கள்.

மேல்நாட்டில் இந்தத் துறைக்கு அண்மையில் புத்துயிர் தந்தவர் ஆஸ்திரேலியச் சமையற் கலைஞரான ஜாஷ் நைலண்ட். 2016இல் சிட்னியில் உணவகம் ஒன்றையும், 2018இல் இறைச்சிக் கடையின் முறையில் மீனை அறுத்துத் தொங்கவிட்டு விற்கும் கடை ஒன்றையும் நிறுவி, மீனின் ஈரலும் சினையும் தோலும் வயிறும் வீணாகாமல் பேக்கனாகவும் சாசேஜாகவும் மாறக்கூடும் என்று அவர் காட்டினார். அவருடைய முறைகளை அப்படியே இங்கே பெயர்த்து நடுவது சரியாகாது என்பதே என் அபிப்பிராயம். சிட்னியின் மீன் வேறு, காற்று வேறு, உண்பவர் பழக்கம் வேறு. ஆனால் ஒரு மீனில் பாதியை எறிந்துவிட்டு மறுபாதிக்கு விலை கேட்கும் வழக்கத்தை அவர் கேள்விக்கு உள்ளாக்கியது எல்லாக் கரைகளுக்கும் பொருந்தும்.

இனி, இறைச்சிக்கும் மீனுக்கும் உள்ள பேதங்களுக்கு வருவோம். தொழிலின் வெற்றி தோல்வியும், உண்பவரின் உயிரும் இந்தப் பேதங்களை அறிந்து நடப்பதைப் பொறுத்தவை என்பதால் இங்கே சற்று நின்று போவது அவசியம்.

பன்றிக் கொழுப்பு குளிரில் உறைந்து வெண்மையாக நிற்கும். மீன் கொழுப்போ குளிர்கடலிலும் உறையாதபடி இயற்கை அமைத்த நிறைவுறாக் கொழுப்பு. உடலுக்கு அது நன்மை. பதப்படுத்துபவருக்கு அதுவே தொல்லை. ஏனெனில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் கூடி, காறல் நெடியும் பழுப்பு நிறமும் அடைகிறது. வெயில் அந்த வினையைத் துரிதப்படுத்துகிறது. கொழுப்பு மிகுந்த கானாங்கெளுத்தியைத் திறந்த வெயிலில் காயப்போட்டவர்கள் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டிருப்பார்கள். ஹாம் போன்ற பண்டத்துக்கு நிழலும் ஓடும் காற்றும் வேண்டுமேயன்றி நேர்வெயில் உதவாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது. சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் பனிக்கட்டியின்றி வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடலெங்கும் தடிப்பு எழும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் புகைத்தாலும் உறைய வைத்தாலும் அழிவதில்லை. உப்பும் அதை நீக்காது. ஒரு கிலோவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று சர்வதேச உணவுத் தர ஆணையமான கோடெக்ஸ் வரம்பிட்டிருக்கிறது. ஆகவே இந்தத் தொழிலின் முதற் கருவி கத்தியுமன்று, உப்புத் தொட்டியுமன்று. படகின் தளத்திலிருந்தே மீனைத் தொடர்ந்து வரவேண்டிய பனிக்கட்டிதான். நாள்பட்ட மீனைக் கருவாட்டுக்குத் தள்ளுவது நம் கரையில் வழிவழியாக வந்த பழக்கம். மீன் ஹாம் செய்ய முனைகிறவர் முதலில் கைவிட வேண்டியது அந்தப் பழக்கத்தை. அன்றைய ஏலத்தின் முதல் தரமான மீன் எதுவோ அதுவே உப்புக்குரியது.

இன்னொரு கிருமியும் உண்டு. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து, மனிதர் அறிந்த நஞ்சுகளிலெல்லாம் கொடியதை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினத்தின் ஒரு வகை கடலிலும் கழிமுகச் சேற்றிலும் வாழ்கிறது. 3 டிகிரி செல்சியஸ் குளிரிலும் அது வளரவல்லது. மீனின் உள்நீரில் நூற்றுக்கு 5 பங்கு உப்பு ஏறிவிட்டால் அது அடங்கிவிடும். மீனைப் போதிய உப்பின்றி இலேசாகப் பதப்படுத்தி, கவர்ச்சிக்காகக் காற்றகற்றிய உறையில் அடைத்து, கடைத் தட்டில் வைத்துவிடுவது கொலைக்கு ஒப்பாகும். குடலை அன்றே முழுமையாக நீக்குவது, உப்பின் அளவைக் கைப்பிடியால் அளக்காமல் தராசால் அளப்பது, நீர்ச் செயல்பாட்டைக் கருவியில் பார்ப்பது ஆகியவற்றில் எதையும் தளர்த்த இடமில்லை. வேகவைக்காத பண்டமானால், அனிசாக்கிஸ் முதலிய புழுக்களை அழிக்க மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்துவிட்டுப் பின்பே உப்பிட வேண்டும்.

நிறத்திலும் ஒரு பேதம் உண்டு. இராயபுரத்திலும் பெரம்பூரிலும், 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்ட நாளுக்குப்பின் வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில், கிறிஸ்துமஸுக்கென்று மாட்டிறைச்சியை உப்பும் எலுமிச்சைச் சாறும் வெடியுப்பும் சேர்த்து ஊறவைக்கும் வழக்கம் இருந்து வருகிறது. இறைச்சி வெந்தபின்னும் ரோஜா நிறம் மாறாமல் இருப்பது அந்த வெடியுப்பால். அதிலுள்ள நைட்ரேட்டை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசையின் சிவப்பு நிறமியான மயோகுளோபினைப் பற்றிக்கொண்டு நிறத்தை நிலைநிறுத்துகிறது. இதே வித்தையை மீனில் செய்து பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். செய்யலாகாது என்று உறுதியாகச் சொல்வேன். மீன் தசையில் இயல்பாகவே அமீன்கள் மிகுதி. நைட்ரைட் அவற்றோடு கூடினால் புற்றுநோய்க்குக் காரணமான நைட்ரோசமீன்கள் பிறக்கும். தென்சீனத்து முறையில் உப்பிட்ட மீனைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது ஐயமற நிறுவப்பட்ட முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. 2015இல் பதப்படுத்திய மாமிசத்தையும் அதே தொகுதியில் சேர்த்தது. மீனில் செய்துவிட்டதாலேயே ஒரு பண்டம் ஆரோக்கியமானது என்று விளம்பரம் செய்வது நேர்மையாகாது. சூரையின் தசை இயல்பிலேயே சிவந்தது. வெடியுப்பின்றியே உலர்ந்தபின் மாதுளை நிறம் கொள்ளும். அந்த நிறம் போதும்.

இப்போது உப்பைப் பற்றி. அத்திப்பட்டு போன்ற ஊரில் உப்பைப் பற்றிப் பேசாமல் மீனைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

கடல்நீர் பாத்தியில் வற்றும்போது அதில் கரைந்துள்ளவை யாவும் ஒரே சமயத்தில் படிவதில்லை. உப்புநீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரியில் உள்ளே வரும் நீர் 15 டிகிரியை எட்டுகையில் கால்சியம் சேர்ந்த ஜிப்சம் படிகிறது. 25 டிகிரியில் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு விளைகிறது. 30 டிகிரியை நெருங்கியும் நீரை வடிக்காமல் விட்டால் மக்னீசிய உப்புகள் உடன் சேர்ந்துவிடுகின்றன. ஆதலால் பாத்தியை எப்போது மாற்றுவது, கசப்பு நீரை எப்போது திறந்துவிடுவது என்பதை அறிந்த உப்பளத் தொழிலாளியின் கண்தான் உப்பின் தூய்மையை நிர்ணயிக்கிறது. இந்த அசுத்தங்கள் சிறிதளவே கலந்திருந்தாலும் மீனில் பலன் பெரிது. கால்சியம் தசையின் மேற்பரப்பை வெளுத்து இறுகச் செய்து, உப்பு உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்துகிறது; வெளியே உப்பேறியதுபோல் தோன்றும் மீன் நடுவில் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். மக்னீசியமோ கசப்பைத் தருவதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்த்து, உலர்ந்த பண்டத்தை மீண்டும் நனைக்கிறது.

இவை தவிர, உப்பிலேயே வாழப் பிறந்த செந்நிற நுண்ணுயிர்களும் உண்டு. உப்பளப் பாத்திகள் வற்றும் தறுவாயில் இளஞ்சிவப்பாகத் தோன்றுவது இவற்றால்தான். வெயிலில் விளைந்த உப்போடு சேர்ந்து மீனின் மேல் குடியேறி, சென்னைக் கோடையின் வெப்பத்தில் பெருகி, கருவாட்டைச் செந்நிறப் பிசுபிசுப்பாக்கிக் கெடுப்பவையும் இவையே. உப்பை வறுத்துப் பயன்படுத்துவதும், முடித்த பண்டத்தைக் குளிரில் வைப்பதும் இதற்குப் பரிகாரம்.

நம் கரையின் கருவாடு தரம் குன்றியதற்கு மீனவரின் அறியாமையைக் காரணம் காட்டுவோர் உப்பு வரியின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். அந்நிய ஆட்சியில் உப்பின் மேல் விதித்த வரி, மலிவான மீனை உப்பிடுவதையே கட்டுப்படியாகாத காரியமாக ஆக்கியது. மீனவர் உப்பு மண்ணைச் சுரண்டிப் பயன்படுத்த, அதுவும் குற்றமாயிற்று. 1873இல் இந்தியக் கடல்மீன் தொழிலைப் பற்றி அறிக்கை எழுதிய பிரான்சிஸ் டே இந்த அவலத்தை எடுத்துரைத்தார். பின்னர் மீன் உப்பிடும் நிலையங்களை வேலியிட்டு அமைத்து, அவற்றுக்குள் மட்டும் வரியில்லா உப்பு வழங்கும் ஏற்பாடு சென்னை ராஜதானியில் வந்தது. 1907இல் தோன்றிய சென்னை மீன்வளத் துறைக்கு வித்திட்ட சர் பிரெடரிக் நிக்கல்சன், ஜப்பானுக்கே சென்று அந்நாட்டு மீன் தொழிலை ஆராய்ந்து வந்தவர். நல்ல மீனை நல்ல உப்பில் சுத்தமாகப் பதப்படுத்தும் கல்வியே மீனவர் வறுமைக்கு மருந்து என்று கருதி உழைத்தவர். நூறாண்டுக்கு மேல் சென்றபின்னும் அந்த மருந்து முழுமையாக ஊட்டப்படவில்லை என்பதை நினைக்கும்போது வருத்தம் மேலிடுகிறது.

இனித் தொழிலுக்கு வருவோம். அத்திப்பட்டில் இதைத் தொடங்குபவர் எதிர்கொள்ளும் முதல் இடையூறு காற்று. நிலக்கரித் தூளும் பறக்கும் சாம்பலும் கலந்த காற்றில் மணல்மேல் பாய் விரித்து மீன் காயவைக்கும் காலம் முடிந்துவிட்டது. வடிகட்டிய காற்றைச் செலுத்தும் மூடிய உலர்த்தி இன்றி இங்கே எதுவும் செய்தற்கில்லை. 1957இல் நிறுவப்பட்ட கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சூரிய வெப்பத்திலும் அது குறைந்தபோது மின்சாரத்திலும் இயங்கும் உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. பூச்சிக்கும் ஈக்கும் மருந்து தெளிக்கும் கொடுமைக்கும் மூடிய அறையில் இடமில்லை. ஆனால் ஹாம் போன்ற பண்டத்துக்கு வெப்பம் தணிந்து, ஈரப்பதம் கணக்காக நிற்க வேண்டும். காற்று மிகவும் உலர்ந்திருந்தால் மீனின் மேற்புறம் ஓடுபோல் இறுகி உள்ளீரத்தைச் சிறைப்படுத்திவிடும். எனவே உப்பிடுதல் 4 டிகிரிக்குக் கீழும், உலர்த்துதல் 15 டிகிரியையொட்டியும் நடக்கும்படி குளிரறை ஒன்றும் தேவைப்படும். இதுவே முதலீட்டில் பெரும்பங்கை விழுங்கும்.

இரண்டாவது இடையூறு நீர். சாம்பல் குழம்பைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து எண்ணூர் உப்பங்கழியில் படிந்ததையும், 2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணெய் பரவி முகத்துவாரக் குப்பத்து வலைகளும் படகுகளும் கறுத்ததையும் அறிந்தவர் எவரும், அந்தக் கழியின் மீனைச் சோதிக்காமல் பதப்படுத்தத் துணிய மாட்டார். உலர்த்துவது நீரை மட்டுமே அகற்றுகிறது; பாதரசமும் பிற உலோகங்களும் எஞ்சி, எடைக்கு எடை செறிவடைகின்றன. மயில்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கழியிலேயே இறாலும் மடவையும் பிடித்து வாழ்ந்த மக்களின் பிழைப்பை இந்த வாக்கியம் எவ்வளவு சுடும் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். கழி தூய்மையாகும் வரை, ஆழ்கடல் சூரைக்குக் காசிமேட்டையும், மடவைக்குப் பழவேற்காட்டையும் நாடுவதே முறை.

எதைச் செய்வது? சூரையின் முதுகுத் தசையை நீளத் துண்டுகளாக எடுத்து, இரண்டொரு நாள் உப்பில் புதைத்து, கழுவி, மூன்று வாரம் நிழற்காற்றில் உலர்த்தினால், ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் மோஹாமா என்று விற்கும் பண்டம் கிடைக்கும். அக்கரையில் பேலோ கிளாடியா என்னும் பாழடைந்த ரோமானிய நகரில் மீன் உப்பிட்ட தொட்டிகள் இன்றும் காணக் கிடக்கின்றன. சாசேஜ் இதனினும் எளிது: சங்கரா போன்ற வெண்தசை மீனை நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு உப்போடு குளிரில் அரைத்தால் மயோசின் என்னும் புரதம் கரைந்து பசையாகி, வேகவைத்ததும் மீள்தன்மையுள்ள கூழாக இறுகும். எனினும் நம்மவர் நாவுக்கு முதலில் பழக்கமாகக்கூடியது, உப்புக்கண்டத்தின் மசாலையையே சூரைக் கீற்றுகளில் பிசறி, இலேசாகப் புகையூட்டி உலர்த்திய பண்டம் என்றே எண்ணுகிறேன். பன்றியையும் மாட்டையும் விலக்கிய வீடுகளிலும் மீன் நுழையும் ஆதலால், இதற்கு வாயில்கள் அதிகம்.

கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 10 கிலோ சூரையில் முள்ளும் தலையும் கருந்தசையும் நீங்கித் தேறுவது ஏறத்தாழ பாதி. உலர்ந்தபின் அதில் பத்துக்கு ஆறு பங்கே எஞ்சும். ஆக 3 கிலோ. மீனின் விலையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மூலப்பொருளிலேயே போய்விடுகிறது என்பதால், கருந்தசையைச் சம்பல் பொடியாகவும், தலையையும் முள்ளையும் மீன் சாறாகவும் விற்றாலன்றிக் கட்டுப்படியாகாது. நைலண்ட் சிட்னியில் சொல்வதும், நம் கரையில் மீன் தலைக்குழம்பு வைத்தவர்கள் என்றும் அறிந்திருந்ததும் இந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறாமல் ஒரு பொட்டலமும் விற்கலாகாது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருப்பது பெரிய அனுகூலம். சோதனைக்கும் பயிற்சிக்கும் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பத திட்டத்தில் பெண்களுக்கு நூற்றுக்கு 60 பங்கு வரை மானியம் வகுத்திருந்தார்கள். கருவாட்டின் பதத்தை விரலால் அழுத்தியே சொல்லவல்ல பெண்கள் இக்கரையில் நிரம்ப இருக்கிறார்கள். இந்தத் தொழில் அவர்களை விலக்கிவிட்டுக் குளிரூட்டிய அறையில் வேறு யாரோ நடத்தும் தொழிலாகுமானால் அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. அந்த விரலோடு வெப்பமானியும் தராசும் சேர வேண்டும், அவ்வளவே.

காலத்தையும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடையினால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மார்ச்சில் உப்பிட்ட சூரை, மீன் அரிதாகும் அந்த இரண்டு மாதங்களில் நல்ல விலை பெறும். வடகிழக்குப் பருவமழையையொட்டி மடவை சினை கொள்கிறது. இத்தாலியில் போத்தார்கா என்றும் ஜப்பானில் கராசுமி என்றும் பொன்போல் மதிக்கப்படுவது இதே மடவையின் சினைதான்: சவ்வு கிழியாமல் எடுத்து, இரத்தம் போகக் கழுவி, சில மணி நேரம் உப்பிட்டு, பலகைகளுக்கிடையே மெல்ல அழுத்தி, வாரக்கணக்கில் உலர்த்தினால் அம்பர் நிறமடைந்து, சீவிச் சோற்றில் தூவும் பதம் பெறும். முட்டையிடும் முன்னரே தாய் மீனை அள்ளினால் ஏரி வறண்டுபோகும் என்பதால், பழவேற்காட்டு மீனவர் பாடு எனப்படும் தம் மீன்பிடி இடங்களில் வழக்கமாகப் பிடிக்கும் அளவுக்கு மேல் சினைக்கென்று தனியே வலை வீசச் சொல்லலாகாது. நவம்பரில் எடுத்த சினை, மழையின் ஈரம் நுழையாத உலர்த்தியில் இருந்து, இராயபுரத்திலும் பெரம்பூரிலும் உப்பிறைச்சிக்கு உப்பு வாங்கும் டிசம்பர் மாதத்தில் கடைக்கு வந்துவிடும்.